திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள யாழினிக்கு,

டெங்கு ஆய்வில் புள்ளியியல் பொறுப்பு உனக்கு என்று முடிவானதில் எங்களுக்குச் சந்தோஷம். திங்கட்கிழமை முதல் கூட்டம் என்றாய். டாக்டர், பூச்சியியல்காரர், வானிலைக்காரர், நீ, நான்கு பேரும் ஆளுக்கு இருபது ஸ்லைடு காட்டிவிட்டுக் கலைந்தால் ஒருவர் பேச்சும் இன்னொருவர் காதில் ஏறியிருக்காது. ஸ்லைடு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. அவரவர் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரியை அச்சடித்து எடுத்து வரட்டும். அந்த வரி எப்படி உண்டானது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேள்.

தேதியில் ஆரம்பி. டாக்டர் வரியில் இருப்பது காய்ச்சல் கண்ட நாளா, வார்டில் சேர்ந்த நாளா, ரத்தம் எடுத்த நாளா, ரிசல்ட் வந்த நாளா? இரண்டு மூன்று நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். என்ன பரிசோதனை என்றும் கேட்டுக்கொள். வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 சோதனை, காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாளில் நன்றாகப் பிடிக்கும். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் அதற்குப் பிறகுதான் ஏறும். என்எஸ்1 கிட் தீர்ந்துபோன மாதத்தில், டெங்குவே குறைந்துவிட்டதாக உன் வரைபடம் காட்டும்.

மழைத் தேதியில் இதைவிடச் சூட்சுமம் உண்டு. நம் நாட்டில் 24 மணி நேர மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறார்கள். 15ஆம் தேதிக்கு நேரே 40 மில்லிமீட்டர் என்றிருந்தால், அது 14 காலை 8.30 முதல் 15 காலை 8.30 வரை பெய்தது. சாயங்கால மழை ஊர் என்றால் அத்தனையும் முந்தின நாள் மழைதான். வானிலைக்காரருக்கு இது அரிச்சுவடி, அதனாலேயே கேட்காமல் சொல்ல மாட்டார். வாரக் கணக்கில் இந்த ஒரு நாள் பெரும்பாலும் கரைந்துவிடும், நாள் கணக்கில் போட்டால் உதைக்கும்.

கொசுப்புழுக் கணக்கெடுப்பில் 0 என்று இருந்தால், புழு இல்லையா, வீடு பூட்டியிருந்ததா? அதைச் சொல்லக்கூடியவர் தெருத்தெருவாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்த பணியாளர். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடு. கூப்பிட்டால் போதாது, முதலில் அவரைப் பேச விடு. பெரியவர்கள் பேசி முடித்தபின் அவர் வாய் திறக்க மாட்டார்.

இனி நிஜமாகவே சேர்ந்து யோசிக்க வேண்டிய இடம். மழைக்கும் காய்ச்சலுக்கும் எத்தனை வார இடைவெளி வைப்பது? ஒன்றிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஓடவிட்டு, நன்றாகப் பொருந்துகிற வாரத்தை எடுத்துக்கொள்வது உங்கள் ஆட்களின் வழக்கம். தற்செயலாகப் பொருந்துவதும் அதில் ஜெயித்துவிடும். பூச்சியியல்காரரைக் கேட்டால், முட்டை நனைந்து கொசுவாக 7 முதல் 10 நாள், கொசு உடம்பில் வைரஸ் முதிர 8 முதல் 12 நாள், வெயில் கூடினால் இன்னும் குறையும் என்பார். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் என்பார் டாக்டர். கூட்டினால் 19 முதல் 32 நாள். மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் தேடு. நடுவில் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரிலும் கொசு வளரும் என்று யாராவது சொல்வார்கள். மழையே இல்லாத மாதத்து ஏற்றத்துக்கு விடை அங்கே கிடைக்கலாம்.

இதெல்லாம் கணக்கெடுப்பு தொடங்குமுன் பேச வேண்டியவை. 1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷர் சொன்னதும் அதைத்தான்: சோதனை முடிந்தபின் புள்ளியியல்காரரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார்.

உன் பங்குக்கு, கடைசியில் வரப்போகிற அட்டவணையை எண் இல்லாமல் பலகையில் வரைந்து காட்டு. "இந்தக் கட்டத்தில் 3 வந்தால் என்ன செய்வீர்கள், 30 வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கட்டத்தை அழித்துவிடு, பணியாளருக்கு அலைச்சல் மிச்சம்.

பேசியதை அன்று ராத்திரியே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பு. "காய்ச்சல் தேதி: நோயாளி சொன்ன முதல் நாள். தெரியாவிட்டால் காலியாக விடவும், 0 போடக் கூடாது" என்கிற அளவுக்கு உடைத்து எழுது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும்.

அப்பா உன் போனுக்காகக் காத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பேசு.

அன்புடன்,
அம்மா