நீ ஏறுறதுக்கு முந்தின ராத்திரி

கண்ணு,

போன்ல பேசலாம்னு பாத்தா உங்கம்மா நடுவுல பூந்து சாப்ட்டியா தூங்கனியான்னு ஆரம்பிச்சுடறா, அப்பால நீயும் டியூட்டிக்கு டைமாச்சு நைனான்னு வெச்சிடற. அதான் பொறுமையா டைப் பண்றேன். கண்ணாடி போட்டுகினு இந்த சின்ன எழுத்துல அடிக்கறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

கப்பல் கம்பெனில ஒரு வருஷம் போய் கூட இருந்து கத்துகினு வர்றதுக்கு உங்க அமெரிக்கா கோஸ்ட் கார்டுல பேர் கேக்கறாங்க, குடுக்கவா வேணாமான்னு கேட்ட இல்ல. சம்பளம் கோஸ்ட் கார்டே குடுத்துடும், யூனிபார்ம கழட்டி வெச்சிட்டு கம்பெனி ஆளுங்களோட ஆளா நிக்கணும், அவ்ளோதானே. உன் கூட வேலை செய்யற பொண்ணு சொல்லுதாம், ஒரு வருஷம் கண்ணுல படாம போனா ப்ரோமோஷன்ல மறந்துடுவாங்கன்னு. மாப்பிள்ளையும் ஹூஸ்டன விட்டு போகணுமேன்னு கணக்கு போட்டுகினு இருக்காரு. நான் ஒண்ணு சொல்றேன், பேர் குடு. நாளைக்கே குடு.

ஏன்னா நீ கப்பல் சரியா இருக்குதான்னு ஏறி பாக்கற இன்ஸ்பெக்டரு. இன்ஸ்பெக்டர் பாக்கற கப்பல் வேற, நாங்க பாத்த கப்பல் வேற. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு நம்ம வீடு எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் நீ ஏறுற அன்னிக்கு கப்பலும் இருக்கும். நான் ஹார்பர்ல சரக்கு தூக்கற விஞ்ச் மிஷின் ஓட்டுன காலத்துல பாத்ததுதான், சேஃப்டி இன்ஸ்பெக்டர் கேட்டுக்குள்ள வர்றாருன்னு சொன்னா போதும், ஸ்டோர்ல பூட்டி வெச்ச ஹெல்மெட்டுங்க எல்லாம் தலைக்கு வந்துடும், அதுல சிலது பிளாஸ்டிக் கவர் கூட பிரிச்சிருக்காது. சரக்க கட்டி தூக்கற ஸ்லிங்குல வீணாப்போனது ஒரு மூலையில தார்ப்பாய்க்கு கீழ போயிடும், நல்ல ஸ்லிங்கு ரெண்டு கொக்கியில தொங்கும். அவரு வந்து ஷீட்ட பாத்து டிக் அடிச்சிட்டு டீ குடிச்சிட்டு போயிடுவாரு. நல்ல மனுஷன்தான், பொய்யி ஒண்ணும் எழுதல, அவரு பாத்தது அத்தனையும் சரியாதான் இருந்துது. அவரு போன அரை மணி நேரத்துல தார்ப்பாயி திரும்ப எடுத்தாச்சு.

சரக்கு தூக்கற இரும்பு கம்பி கயிறு, ஒயர் ரோப்பு, அதுல அதோட விட்டத்துக்கு எட்டு மடங்கு நீளத்துல பத்து சதவீதத்துக்கு மேல கம்பி அறுந்து தெரிஞ்சா தூக்கி போட்டுடணும்னு டாக் சேஃப்டி ரெகுலேஷன்ல இருக்குது, 1990லயே போட்டது. எங்காளுங்களுக்கு அந்த நம்பர் தெரியாது, ஆனா கையில கந்தல் துணிய வெச்சிகினு ரோப்பு மேல ஒரு இழு இழுத்தா எங்க துணி மாட்டுதோ அங்க கம்பி நீட்டிகினு இருக்குதுன்னு தெரியும். உனக்கு அந்த நம்பர் தெரியும். துணி வெச்சி இழுக்கறது தெரியுமா? இந்த ஒரு வருஷத்துல அதான் கத்துக்கணும்னு சொல்றேன்.

இங்க கப்பல் சர்வே பண்றது கோஸ்ட் கார்டு வேலை இல்ல. நம்ம கோஸ்ட் கார்டு 1978 சட்டத்துல வந்தது, கடல் காவல், ஆளுங்கள காப்பாத்தறது, எண்ணெய் கொட்டினா அதுக்கு முன்ன நிக்கறதுன்னு அவங்க ரூட்டு தனி. சர்வே பண்றது கப்பல் போக்குவரத்துக்கு தலைமை ஆபீஸான டிஜி ஷிப்பிங்குக்கு கீழ இருக்கற மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்டு, அதுல சர்வேயரா வர்றவரு முன்னாடியே கப்பல்ல சீஃப் இஞ்சினியராவோ கேப்டனாவோ தண்ணி குடிச்ச ஆளு, இஞ்சின் ரூம் சூட்டுல வெந்துட்டுதான் கோட்டு போட்டுருப்பாரு. உங்க அமெரிக்காவுலதான் அந்த வேலைய உலகப்போர் நடந்துகினு இருந்தப்ப 1942ல கோஸ்ட் கார்டு கையில குடுத்து, 1946ல இனிமே உங்களுதுதான்னு எழுதியே குடுத்துட்டாங்க. அதனால கப்பல்ல வேலையே செய்யாத பசங்க கூட யார்க்டவுன்ல இருக்கற கோஸ்ட் கார்டு ட்ரெயினிங் சென்டர்ல கிளாஸ் படிச்சிட்டு நேரா கப்பல செக் பண்ண ஏறிடலாம், கொஞ்சம் கை பழகறதுக்குள்ள மூணு நாலு வருஷத்துல வேற ஊருக்கு தூக்கி போட்டுடறாங்க. 2007ல வைஸ் அட்மிரல் ஜேம்ஸ் கார்டுன்னு ரிடையர் ஆன ஒருத்தரு கப்பல் தொழில்ல இருக்கறவங்கள எல்லாம் கேட்டு ரிப்போர்ட் குடுத்தாரு, அனுபவம் பத்தலன்னு வெளிய எல்லாரும் சொல்றாங்கன்னு அதுல இருந்துதுன்னு நீதானே எனக்கு சொன்ன. அப்பால எரிவாயு ஏத்தற எல்என்ஜி கப்பலுக்கு போர்ட் ஆர்தர்ல ஒண்ணு, க்ரூஸ் கப்பலுக்கு ஃப்ளோரிடால ஒண்ணுன்னு தனித்தனியா சென்டர் போட்டாங்கன்னும் சொன்ன. இந்த ஒரு வருஷ ட்ரெயினிங்கும் அந்த ஓட்டைய அடைக்கறதுக்குத்தான். ஓட்டை இருக்குதுன்னு உங்க பெரியவங்களே ஒத்துகினு கம்பெனிக்கு அனுப்பறாங்க, அப்புறம் இன்னா யோசனை?

நீ அனுப்புன மரைன் எலக்ட்ரிக்ன்ற கப்பலோட கதைய யூட்யூப்லயும் தேடி பாத்தேன், ராத்திரி தூக்கம் வரல. 1983 பிப்ரவரி 12, கரி ஏத்திகினு போன பழைய கப்பல், உலகப்போர் டைம்ல கட்டின டேங்கர அறுத்து நீட்டி கரி கப்பலாக்கினது. விடியறதுக்கு முன்னாடி கவுந்து 34 பேர்ல 31 பேர் போயிட்டாங்க, அந்த குளிர் தண்ணியில போட்டுக்க குளிர் தாங்கற ட்ரெஸ்ஸு கூட இல்ல. அப்பால விசாரிச்சா சரக்கு அறைய மேல மூடற ஹேட்ச் கவரு துருபுடிச்சி ஓட்டை ஓட்டையா இருந்துருக்குது, மேல ஒட்டு போட்டு பெயின்ட் அடிச்சி வெச்சிருக்காங்க, பேப்பர்ல எல்லாம் பாஸு. பாஸ் பண்ணவங்க கெட்டவங்கன்னு நான் நினைக்கல கண்ணு. டெக்குல நின்னு பாத்தா புது பெயின்ட்டு பளபளன்னு இருக்கும். ஜவஹர் டாக்குல கரி எறக்குன காலத்துல (உங்கம்மா காயப்போட்ட துணியெல்லாம் கருப்பாகும்னு தினம் என்னை திட்டுவா, நான்தான் பறக்கவிட்டேன்ற மாதிரி, 2011ல ஐகோர்ட் ஆர்டர் வந்தப்புறம்தான் அந்த கரி எண்ணூருக்கு போச்சு) எங்க ஃபோர்மேன் ஒருத்தரு இருந்தாரு, எழுதப்படிக்க தெரியாது. அவரு ஹேட்ச் கவர மேல நின்னு பாக்கவே மாட்டாரு. ஹோல்டு, அதான் சரக்கு அறை, காலியானப்புறம், காத்து நல்லா இருக்குதான்னு பாத்துட்டு, உள்ள எறங்கி நின்னுகினு மேல மூடச்சொல்லுவாரு. பட்டப்பகல்ல கும்மிருட்டு. அண்ணாந்து பாத்தா எங்க ஓட்டையோ அங்க வெளிச்சம் குத்தும். தண்ணி பீச்சி டெஸ்ட் பண்றது, மிஷின் வெச்சி டெஸ்ட் பண்றது எல்லாம் நீ படிச்சிருப்ப, அதெல்லாம் வேணாம்னு சொல்லல. ஆனா அண்ணாந்து பாக்கற புத்தி கரி அள்ளுன ஆளுக்குத்தான் வரும்.

ஹோல்டுக்குள்ள எறங்கறதுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், இதுல மட்டும் யார் சொன்னாலும் கேக்காத, கேப்டன் சொன்னாலும் சரி. கரி, மரக்கட்டை, இரும்பு ஸ்க்ராப்பு, இதெல்லாம் மூடி வெச்ச எடத்துல ஆக்சிஜன தின்னுடும், 21 சதவீதம் இருக்க வேண்டிய காத்து எவ்ளோ எறங்கிச்சுன்னு மூக்குக்கு தெரியாது. ஹோல்டு தெறந்து கெடக்கும், பக்கத்துல ஏணி எறங்கற குழி மட்டும் காத்து செத்து கெடக்கும், அதுல எறங்கிதான் சாவாங்க. ஒருத்தன் விழுந்தா பாத்துகினு இருக்கறவன் ஓடி எறங்குவான், அவனும் விழுவான். நம்ம குப்பத்துல கழிவுநீர் தொட்டிக்குள்ள போனவங்க கதையும் இதேதான், உனக்கு தெரியாததா. 2015லேர்ந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதுக்கு ட்ரில் செய்யணும், 2016லேர்ந்து காத்த அளந்து பாக்கற கேஸ் மீட்டரு கப்பல்ல இருந்தே ஆகணும்னு சோலாஸ்ன்ற உலக கப்பல் பாதுகாப்பு விதியில போட்டுட்டாங்க. இருக்குதான்னு நீ பாப்ப, இருக்கும், சர்டிபிகேட்டும் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில, காலைல லோடிங் ஆரம்பிக்கணும்னு ஏஜென்ட்டு போன் மேல போன் அடிக்கறப்ப அந்த மீட்டர யாராச்சும் பெட்டியிலேர்ந்து எடுக்கறாங்களான்னு தெரியணும்னா நீ ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க இருக்கணும், இன்ஸ்பெக்டரா இல்ல, கூட நிக்கற ஆளா.

ரெஸ்ட் ஹவர்ஸ் ரெஜிஸ்டரும் அப்படித்தான். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ரெஸ்ட்டு இருக்கணும், எல்லா கப்பல்லயும் அந்த கணக்கு அழகா இருக்கும். ரெண்டு போர்ட்டுக்கு நடுவுல தூரம் கம்மி, கார்கோ கைய விட்டு போகக்கூடாதுன்னு கம்பெனி, ஒரு நாள் லேட்டானா காசு எவ்ளோன்னு கப்பல வாடகைக்கு எடுத்தவன், இத்தனைக்கும் நடுவுல கேப்டனுக்கு அடுத்த ஆபீசரு, சீஃப் மேட்டு ஒருத்தன் முப்பது மணி நேரமா முழிச்சிகினு இருப்பான், அவன்தான் உக்காந்து அந்த ரெஜிஸ்டர நிரப்புவான். அவனை பொய்யன்னு எழுதறது ஈஸி. அவன எது பொய் எழுத வெக்குதுன்னு கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து அந்த ஈமெயிலுங்கள படிச்சாதான் புரியும், அப்பால எந்த கேள்விய யார்கிட்ட கேக்கணும்னு உனக்கே வந்துடும். பாவம் அந்த மேட்ட போட்டு நோண்டாம, கரையில இருக்கறவன கேப்ப.

பால்டிமோர்ல பாலத்த இடிச்சிதே டாலின்ற கப்பல், 2024 மார்ச்சுல, அதுல வேலை செஞ்சவங்க ஒரே ஒரு சிலோன்காரர தவிர எல்லாரும் இந்தியாக்காரங்க, நம்ம தெருவுல அந்த நியூஸு ஓடினப்ப கப்பல்ல புள்ளைய அனுப்பின வீட்டுக்காரங்க எல்லாம் டிவி முன்னாடியே உக்காந்துட்டாங்க. பாலத்து மேல ரோடு வேலை செஞ்ச 6 பேர் செத்தாங்க. கடைசியில காரணம்னு சொன்னது இன்னா, ஒரு ஒயருக்கு மாட்டின லேபிள், அது குறுக்க நின்னதுல ஒயரு கனெக்டருக்குள்ள முழுசா போகல, லூசாகி கரண்ட் போச்சு. எத்தனையோ பேர் ஏறி பாத்த கப்பல்தானே. ஒரு எலக்ட்ரீஷியன் கூட ஒரு மாசம் சுத்தினா ஒயர புடிச்சி லேசா இழுத்து பாக்கற பழக்கம் கைக்கு வந்துடும்.

கப்பல்ல மெஸ்ஸுல ஆபீசர் டேபிள்ல மட்டும் உக்காராத. பாதி நாள் டெக்கு ஆளுங்களுக்கு தலைவனா இருக்கற போசன், ஃபிட்டர், குக்கு கூட சாப்பிடு. குக்குக்கு எல்லாம் தெரியும், யார் தூங்கல, யார் குடிக்கறான், எந்த ஃப்ரிட்ஜு ஓடல, எல்லாம். தூத்துக்குடி பசங்களோ நம்ம ஏரியா பசங்களோ யாராச்சும் இருந்தா முதல்ல தமிழ்ல பேசாத, இங்கிலீஷ்லயே பேசிகினு ரெண்டு நாள் கேட்டுகினு இரு, அப்பால பேசு. சும்மா சொல்றேன், உடனே பேசு, அதுங்க வீட்ட விட்டு எத்தனை மாசமோ.

முதல்ல உன்ன போலீஸாதான் பாப்பாங்க. நீ வந்தா பேச்ச நிறுத்துவாங்க. அதுக்கு கோச்சுக்காத, கையில நோட்டு எடுக்காம கொஞ்ச நாள் சுத்து. அதே நேரத்துல ரொம்ப ஒட்டிக்கவும் ஒட்டிக்காத. ஒரு வருஷம் அவங்க சோத்த தின்னுட்டு மறுபடி யூனிபார்ம் போட்டு அதே கம்பெனி கப்பல்ல ஏற வேண்டி வந்தா கஷ்டம், அப்படி வந்தா உன் மேலதிகாரிகிட்ட முன்னாடியே சொல்லிடு, வேற ஆள அனுப்பட்டும். சிகரெட் கார்ட்டன், பாட்டிலு, சென்ட்டு, எது குடுத்தாலும் சிரிச்சிகினே வேணாம்னுடு. எந்த ஆபீஸு, யாருன்னு சொல்ல மாட்டேன், ஒரு கார்ட்டன் வாங்கினவரு அடுத்த தடவை ஏறுறப்ப தலை குனிஞ்சிகினே ஏறுனத நான் விஞ்ச் மேல நின்னு பாத்துருக்கேன்.

2017 ஜனவரியில எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதினப்ப எர்ணாவூர் பாறையில அந்த கரும்பிசின பசங்க பக்கெட்டுல அள்ளினாங்க, உனக்கு நான் போட்டோ அனுப்பினேன். மெட்ரோவாட்டர் லாரி வந்து உறிஞ்சி பாத்து அடைச்சிகினு நின்னுது. காசிமேட்டுல மீன் வாங்க ஆள் இல்ல. எண்ணெய் கொட்டினா இன்னா பண்ணணும்னு ப்ளான் பேப்பர்ல இருந்துது, கடப்பாரையும் பக்கெட்டும்தான் பாறையில இருந்துது. அப்பால 2020ல பெய்ரூட் துறைமுகம் வெடிச்சப்புறம்தான் நம்ம மணலில 37 கன்டெய்னர்ல 700 டன் கிட்ட அம்மோனியம் நைட்ரேட்டு வருஷக்கணக்கா கெடக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சிது, அதுக்கு பக்கத்துல நாங்க தண்ணி லாரிக்கு க்யூல நின்னுகினு இருந்தோம். உங்க ஹூஸ்டன் பக்கத்துல டெக்ஸாஸ் சிட்டில அதே சரக்குதான் 1947ல கப்பலோட வெடிச்சி ஐந்நூறு பேருக்கு மேல செத்தாங்க. கன்டெய்னருக்குள்ள இன்னா இருக்குதுன்னு பில்லுல எழுதறது ஒரு ஆபீஸ்ல ஒரு க்ளார்க்கு. முடிஞ்சா அந்த மாதிரி ஆபீஸ்லயும் ஒரு மாசம் போடச்சொல்லி கேளு, எப்படி எழுதறாங்க, எத மறைக்கறாங்கன்னு அங்கதான் தெரியும்.

ப்ரோமோஷன் பத்தி எனக்கு தெரியாது, உங்க ஆபீஸு வேற. ஆனா போறதுக்கு முன்னாடி உன் மேலதிகாரிகிட்ட உக்காந்து பேசு, திரும்பி வந்தா எந்த எடத்துல போடுவீங்க, இத ரெக்கார்டுல எப்படி எழுதுவீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. வாய்ல சொன்னது ஆபீசர் மாறினா மாறிடும், எங்க டாக் லேபர் போர்டு 2001ல போர்ட் ட்ரஸ்ட்டோட சேர்ந்தப்ப சீனியாரிட்டிக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் உனக்கு ஞாபகம் இருக்கும், ஹார்பர் ஜீரோ கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடந்தே செருப்பு தேஞ்சிது. மாப்பிள்ளைகிட்ட நான் பேசட்டான்னு கேட்டா வேணாம்ப, நீயே பேசிக்கோ. அவரு நல்லவரு, சமையல் கத்துக்கட்டும்.

சேஃப்டி ஷூ கம்பெனி குடுக்கும், ஆம்பளைங்க சைஸ குடுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னா ஒத்துக்காத, ஏணியில கால் நழுவும். உன் சைஸுக்கு சொந்தமா வாங்கிக்கோ, காசு நான் அனுப்பறேன்னு சொன்னா சிரிப்ப. மேல போட்டுக்கற வேலை ட்ரெஸ்ஸு, பாய்லர் சூட்டு, அதுவும் அப்படித்தான், கை மடிச்சி விட்டுகினு விஞ்ச் கிட்ட போகாத, முடிய இறுக்கி கட்டு.

அம்மா எம்.சி. ரோட்ல உனக்கு பொடவை ரெண்டு எடுத்து வெச்சிருக்கா, கப்பல்ல எங்க கட்டுவான்னு கேட்டா என்ன மொறைக்கறா. பேர் குடுக்க கடைசி தேதி எப்போன்னு மட்டும் மெசேஜ் போடு.

உன் நைனா