எட்டாம் வகுப்பு மாணவர்களின் மலைச்சரிவு நடைப்பயணம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டின் கல்விப் பயணத்திற்காக எட்டாம் வகுப்பு மாணவர்களை நகரின் மலைச்சரிவில் அமைந்துள்ள அமைதியான குடியிருப்புப் பகுதிக்கு அழைத்துச் சென்று, அரை நாள் நடந்தே சுற்றிக் காட்டத் தீர்மானித்துள்ளோம். வீடுகளும் படிக்கட்டுகளும் மட்டுமே உள்ள இடத்தில் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

புவியியல் பாடத்தில், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை மாணவர்கள் தாளில் வரைந்திருக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால், அந்தக் கோட்டின் மீது நடந்து பார்த்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர்? மலைச்சரிவில் வண்டிகள் செல்லும் தெரு பெரும்பாலும் ஏறாமலும் இறங்காமலும் சரிவின் குறுக்கே வளைந்து செல்லும்; அதில் நடப்பது ஏறத்தாழ ஒரு சம உயரக் கோட்டைத் தொடர்ந்து நடப்பதே ஆகும். அதே சரிவில் படிக்கட்டுகள் அக்கோடுகளை வெட்டிக்கொண்டு நேராக மேலே ஏறுகின்றன. வளைவுகளும் முட்டுச்சந்துகளும் நிறைந்த இத்தகைய தெருக்களைக் குறுக்குவழியாகக் கொள்ள எந்த வண்டியோட்டியும் விரும்புவதில்லை என்பதால், அப்பகுதியின் அமைதிக்கும் நிலத்தின் வடிவமே பெரிதும் காரணமாகிறது.

படிக்கட்டுகளுக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு படியின் உயரத்தை இருமடங்காக்கி அதனுடன் மிதிக்கும் பகுதியின் அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 60 முதல் 65 சென்டிமீட்டர், அதாவது மனிதர் இயல்பாக ஓர் எட்டு எடுத்து வைக்கும் நீளம், வர வேண்டும் என்பது பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் பிரான்சுவா புளோண்டல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி. மாணவர்கள் அளவுநாடாவுடன் பழைய படிகளையும் புதிய படிகளையும் அளந்து, எது இவ்விதிக்குப் பொருந்துகிறது, எது காலைச் சோதிக்கிறது என்று குறித்து வருவார்கள். (என் முழங்கால்களுக்கு அளவுநாடா தேவைப்படாது.) படியேறாமலே மேலே செல்ல மனிதர் கண்டறிந்த வழிகளையும் வகுப்பில் முன்கூட்டியே பேசவிருக்கிறோம்: சான்பிரான்சிஸ்கோவில் 1873இல் ஓடத் தொடங்கிய, கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம், சிலி நாட்டின் வல்பரைசோ நகரில் 1883 முதல் குன்றேறும் இழுவைப் பெட்டிகள் ஆகியவை அவற்றுள் சில.

அடுத்ததாக, சரிவில் மண் சரியாமல் காக்கும் தாங்குசுவர்களைக் கவனிக்கச் சொல்லவிருக்கிறோம். அச்சுவர்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். மழை பெய்யும்போது சுவருக்குப் பின்னுள்ள மண் நீரில் ஊறிக் கனத்து, தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரை முன்னோக்கித் தள்ளும். அந்நீர் வெளியேறுவதற்காகவே அத்துளைகள் விடப்பட்டுள்ளன. அவை குப்பையாலோ சிமெண்டுப் பூச்சாலோ அடைபட்டால் சுவர் புடைக்கத் தொடங்கும். அடிமரம் வளைந்து பின் நிமிர்ந்து வளர்ந்திருக்கும் மரம், மேல்மண் மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகர்வதற்கான அறிகுறியாக இருக்கலாம் என்பதையும் காட்டித் தருவோம். சரிவில் வீடு கட்ட நினைக்கும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உச்சியிலிருந்து நகரைப் பார்ப்பதும் உண்டு. அதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். நாம் செல்வது காட்சிக்கூடமன்று, பிறர் வாழும் இடம். சரிவில் ஒரு வரிசை வீடுகளின் கூரை, மேலேயுள்ள தெருவில் நடப்பவரின் கால்மட்டத்திலும், சன்னல் எதிர்ப் படிக்கட்டில் ஏறுபவரின் கண்மட்டத்திலும் அமைந்துவிடுவதுண்டு. எனவே வீடுகளை எட்டிப் பார்ப்பதும், கூச்சலிடுவதும், அனுமதியின்றிப் படமெடுப்பதும் கூடாது. மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரத் தேவையில்லை, ஆசிரியர்களிடம் இருக்கும்.

அடிப்பகுதி தேயாத காலணி, தண்ணீர்ப் புட்டி, தொப்பி, குறிப்பேடு, எழுதுகோல் ஆகியவை போதும். ஏறுவதை விட இறங்கும்போதுதான் கால் வழுக்கும் என்பதால் செருப்பணிந்து வருவோரை அழைத்துச் செல்ல இயலாது. மூச்சிரைப்பு, மூட்டுவலி, தலைச்சுற்றல் போன்ற சிரமங்கள் உள்ள பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் தயங்காமல் தெரிவியுங்கள். படிகளைத் தவிர்த்துத் தெரு வழியாகவே செல்லும் இரண்டாவது குழு அவர்களுக்காகவே அமைக்கப்பட்டுள்ளது. மழை பெய்தால் பயணம் தள்ளிவைக்கப்படும்.

இத்துடன் உள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்