விலகினாரா, விலக்கினார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கச் செய்தி வந்திருந்தது. தலைப்பில் ‘சங்கத் தலைவர் விலகல்’. முதல் வரியில் ‘பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்’. கடைசிப் பத்தியில் ‘அவர் விலகப்பட்டதை அடுத்து’. பதினைந்து வரிக்குள் அந்த மனிதர் தானாகவும் போயிருக்கிறார், பிறர் அனுப்பியும் போயிருக்கிறார். மூன்றாவதாக அவருக்கு நேர்ந்தது என்னவென்று தமிழில் சொல்ல வழியே இல்லை.

மதுரை அச்சகங்களில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். கண் மங்கிவிட்டது. ஆனாலும் ஒரு ‘க்’ கூடினாலோ குறைந்தாலோ இன்னமும் உறுத்துகிறது.

விலகு என்றால் தானே அகல்வது. விலக்கு என்றால் இன்னொன்றை அகலச் செய்வது. மேகம் விலகும், திரையை நாம் விலக்குவோம். நீங்கு - நீக்கு, ஒதுங்கு - ஒதுக்கு, கழல் - கழற்று எல்லாம் இதே குடும்பம். இலக்கணம் படிக்காத என் பாட்டி ‘வளையல் கழண்டுருச்சு’ என்பதையும் ‘வளையலைக் கழட்டிட்டேன்’ என்பதையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பேச்சில் தப்பாத நாம் எழுத உட்கார்ந்ததும் தடுமாறுகிறோம். ‘விலகப்பட்டார்’ என்பது அந்தத் தடுமாற்றத்தில் பிறந்த குறைப்பிள்ளை. ‘படு’ ஒட்ட வேண்டுமென்றால் அந்த வினை யாரையாவது எதையாவது செய்வதாக இருக்க வேண்டும். ‘தூங்கப்பட்டார்’ என்று எழுதுவோமா?

இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாததால்தான் கடிதம் எழுதுகிறேன். 1949இல் அண்ணாவும் அவருடன் நின்றவர்களும் திராவிடர் கழகத்திலிருந்து விலகி வந்து தி.மு.க.வைத் தொடங்கினார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆரைத் தி.மு.க. நீக்கியது, அந்த மாதமே அ.தி.மு.க. பிறந்தது. முதலாவதில் போனவர்கள் போனார்கள். இரண்டாவதில் அனுப்பினார்கள். ‘எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலகி’ என்று யாராவது எழுதினால் அந்தக் காலத்துத் தொண்டர் ஒருவர் சண்டைக்கு வந்துவிடுவார், வரவும் வேண்டும். 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது என்பதா, பிரிக்கப்பட்டது என்பதா? இதில் எந்த வினையைத் தொடுகிறோமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று பொருள்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘பதவியை விலகினார்’ என்று உங்கள் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறேன். பதவியிலிருந்து விலகலாம், பதவியை விட்டு விலகலாம். ‘பதவியை’ என்று தொடங்கிவிட்டால் துறந்தார் என்றுதான் முடிக்க வேண்டும். நன்னூலில் பவணந்தியார் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார். இரண்டாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று நீத்தல். ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று நீங்கல். ஒன்றைக் கைவிடுவது வேறு, ஒன்றிலிருந்து அகல்வது வேறு. ‘நெடும்புனலுள் வெல்லும் முதலை அடும்புனலின் நீங்கின் அதனைப் பிற’ என்கிறது குறள். அந்த ‘இன்’தான் இன்றைய நம் ‘இலிருந்து’. தண்ணீருக்குள் எவரையும் வெல்லும் முதலை, தண்ணீரிலிருந்து நீங்கினால் மற்றவற்றுக்குத் தோற்றுப்போகும். (கட்சி மாறியவர்களைப் பற்றிய கட்டுரைக்கு இந்தக் குறளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

அந்த ‘இருந்து’வைப் பிரித்து அச்சிடுவதிலும் ஒரு வம்பு உண்டு. ‘இருபது வருஷம் கட்சியில் இருந்து விலகினார்’ என்று போட்டால் அது இருபது வருஷம் உள்ளே இருந்த கதை. ‘கட்சியிலிருந்து’ என்று சேர்த்தால்தான் வெளியே வந்த கதை. சேர்க்க இடமில்லை என்று பக்கம் கட்டுபவர் சொல்வார். நானும் அந்தக் காலத்தில் கேட்ட சமாதானம்தான்.

தேர்தல் நேரத்தில் இன்னொன்று. வேட்பாளர் போட்டியிலிருந்து விலகுகிறார். வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிறார். ‘வாபஸ் வாங்கினார்’ என்றாலும் எல்லோருக்கும் புரியும். ‘வேட்புமனுவிலிருந்து விலகினார்’ என்பது மட்டும் வேண்டாம். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது. அது கழிந்த பிறகு ஒருவர் இன்னொருவருக்கு ஆதரவு தெரிவித்து ஒதுங்கினாலும் வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவர் பெயரும் சின்னமும் இருக்கவே இருக்கும். அவர் விலகுவதாக அறிவித்தார், அவ்வளவே. விலகினார் என்று எழுதினால் வாக்குச்சாவடியில் அந்தப் பெயரைப் பார்க்கும் வாக்காளர் குழம்புவார்.

இவ்வளவு சொல்வதற்கு வீட்டில் நடந்த ஒன்றும் காரணம். என் அண்ணன் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தானே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றவள். பள்ளியில் கொடுத்த அனுபவச் சான்றிதழில் ‘பணியிலிருந்து விலக்கப்பட்டார்’ என்று இருந்தது. அவளும் பார்க்கவில்லை, வீட்டில் நாங்களும் பார்க்கவில்லை. புரூஃப் பார்த்தவன் குடும்பத்தில்! இரண்டு வருஷம் கழித்து வேறொரு பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனபோது அங்கே முதல் கேள்வியே ‘எதுக்கும்மா நீக்குனாங்க?’ என்பதுதான். பழைய பள்ளியில் கேட்டதற்கு, ‘ரெண்டும் ஒண்ணுதானேம்மா’ என்றாராம் அலுவலகத்தில் இருந்தவர். பணி விலகல், பணி விடுவிப்பு, பணி நீக்கம் மூன்றும் மூன்று காகிதம் என்று நான் போய் உட்கார்ந்து சொன்ன பிறகு, மூன்று வாரம் கழித்துப் புதுச் சான்றிதழ் வந்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஒருவர் சேர்ந்துவிட்டார்.

செய்தியாளருக்கு அவசரம் இருக்கும், தெரியும். ராத்திரி பத்து மணிக்குச் செய்தி வந்து பத்தரைக்குப் பக்கம் போக வேண்டியிருக்கும். இருந்தாலும் ‘அவரே எழுதிக் கொடுத்தாரா, எடுத்துவிட்டார்களா?’ என்று ஒரு போன் போட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கும் நேரமில்லை என்றால் ‘அவர் இப்போது பொறுப்பில் இல்லை’ என்று எழுதிவிடலாம். அதில் யார் மேலும் பழி விழாது.

கூட்டுறவுச் சங்கத் தலைவர் விஷயத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திருத்தம் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை.