உன் குறிப்பேடுகளை ஊருக்குக் கொடு

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பத்திரிகையை விட்டுவிட்டு இப்போது எதற்காக அலைகிறாய் என்று கேட்டிருந்தாய். பாடங்களைத் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளும்படி, வெளியிட வைப்பதற்காகத்தான். எப்படி வந்தேன் என்று சொல்கிறேன்.

கல்விச் செய்திகள் எழுதிய காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கை விடாமல் கவனித்து வந்தேன். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து ராமேஸ்வரி என்ற சின்னக் கடை மீது வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்ததுதான் புகார். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. படிப்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? மாணவருக்கென்றே எழுதும் பாடத்தையாவது முதலிலேயே திறந்து வைத்துவிடலாமே. அந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது.

பாடநூல்தான் இணையத்தில் சும்மா கிடைக்கிறதே என்பாய். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகத்தை யாரும் இறக்கிக்கொள்ளலாம், சரி. ஆனால் உள்ளே திறந்தால் உரிமை முழுக்கப் பதிப்பாளருக்கே என்று அச்சிட்டிருக்கிறது. படிக்கலாம், மாற்றி எழுதி வெளியிட முடியாது. எனக்கு அந்த மாற்றும் உரிமைதான் முக்கியம்.

ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியில் அதைக் கண்ணால் பார்த்தேன். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்திலிருந்து டீச்சர் ஒரு கதையை எடுத்திருந்தார். இரண்டாம் வகுப்புக்கு வாக்கியங்கள் நீளம் என்று ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிவிட்டார். சந்தைக் காட்சியில் காய்கறிக்குப் பதில் நெத்திலியும் சாளையும் வந்து உட்கார்ந்துவிட்டன. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயர், ஓவியர் பெயர், உரிமத்தின் பெயர், அதற்குக் கீழே மாற்றி எழுதியவர் என்று தன் பெயர். யாரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பெயரையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட்டால் போதும் என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுவதுதான் அந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்.

"எழுதுகிறவன் சோற்றுக்கு என்ன செய்வான்?" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. நாவலாசிரியனிடம் போய் உன் புத்தகத்தைச் சும்மா கொடு என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அரசுப் பணத்தில், சம்பளமோ மதிப்பூதியமோ வாங்கிக்கொண்டு எழுதிய பாடத்துக்கு ஏன் பூட்டு? மக்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. பாரதி பாடல்களை நாட்டுடைமையாக்கி எத்தனையோ காலம் ஆகிறது. அதனால் பாரதி சிறுத்தா போனார்? மலிவுப் பதிப்பாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செய்தி எழுதக் கற்றுக்கொடுக்க நீ வகுப்புக்கு வகுப்பு எழுதி வைத்திருக்கும் குறிப்பேடுகள் பீரோவில்தானே கிடக்கின்றன? நீதிமன்றச் செய்தி எழுதுவது பற்றி நீ எழுதியது மாதிரி தமிழில் நான் வேறெங்கும் படித்ததில்லை. அதைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிடு. தட்டச்சு, பிழைதிருத்தம் எல்லாம் என் பொறுப்பு. குறிப்பேடுகளை அப்படியே கூரியரில் அனுப்பு. அட்டையில் உன் முழுப்பெயரா, பழைய புனைபெயரா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்