அடைப்பானா, ஆயுதமா? ஜெனீவாவுக்கு ஒரு திறந்த மடல்

உயிரி ஆயுதத் தடை உடன்படிக்கை நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். நீங்கள் ஆந்த்ராக்ஸ் என்பதை எங்கள் பக்கம் அடைப்பான் என்போம். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக்கூடாது, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். அப்படியும் அந்தக் கிருமி மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

அதனால்தான் 1979-இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் குறைந்தது 66 பேர் செத்தபோது, ‘நோய்கண்ட மாட்டுக்கறி தின்றார்கள்’ என்று சோவியத் அரசு சொன்னது எடுபட்டது. அந்த வட்டாரத்து மாடுகளுக்கு அடைப்பான் புதிதல்லவே. அமெரிக்க விஞ்ஞானி மேத்யூ மெசல்சன்கூட அதை ஏற்கத்தக்க விளக்கம் என்றே நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊருக்குள் போய்ப் பார்க்க யார் விட்டார்கள்?

விடை உள்ளூரிலேயே இருந்தது. பிணப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் திசு மாதிரிகளை சோவியத் உளவுத்துறையான கேஜிபி கையில் சிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கறியால் வந்த நோய் என்றால் குடலில் தொடங்கியிருக்க வேண்டும். இங்கேயோ நெஞ்சின் நடுவிலிருந்த நிணநீர்க் கணுக்கள் ரத்தம் கசிந்து சிதைந்திருந்தன. அதாவது, கிருமி மூச்சில் போயிருக்கிறது.

1992-இல்தான் மெசல்சன் குழு அங்கே போக முடிந்தது. செத்தவர்களின் வீடுகளைத் தேடிப்போய், 1979 ஏப்ரல் 2 அன்று பகலில் செத்தவர் எங்கே இருந்தார் என்று கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். பெரும்பாலான புள்ளிகள் அந்நகரில் இருந்த ராணுவக் கிருமி ஆய்வு வளாகத்திலிருந்து தெற்கே ஒரே பட்டையில் விழுந்தன. ஆடுமாடு செத்த கிராமங்களும் அதே நேர்கோட்டில். அன்று காற்றும் அந்தப் பக்கமே வீசியிருந்தது.

இதற்கு 13 வருஷம். அதுவும் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு. இத்தனைக்கும் அந்த நாடு உங்கள் உடன்படிக்கையில் அப்போதே இருந்தது!

1984-இல் அமெரிக்காவின் ஓரிகானில் 751 பேருக்கு உணவகச் சாலட் வழியாக சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றியது. சமையல் ஆட்களின் சுத்தக்குறைவு என்றார்கள். ரஜனீஷ் ஆசிரமத்தார் வேண்டுமென்றே கலந்தது வெளிவர ஒரு வருஷம் ஆனது. திறந்த சமூகத்திலேயே இந்த நிலை.

சரி, உங்களிடம் என்ன இருக்கிறது? உடன்படிக்கையில் நேரில் போய்ச் சோதிக்கும் ஏற்பாடு கிடையாது. அதற்கான பேச்சுவார்த்தை 2001-இல் முறிந்தது. 2022-இல் உடன்படிக்கையை வலுப்படுத்த ஒரு பணிக்குழு போட்டீர்கள். சந்தேகம் எழுந்த ஊருக்குச் சில வாரங்களுக்குள் வெளி மருத்துவர்கள் போகவும், திசு மாதிரியைப் பார்க்கவும், வீட்டுக்காரர்களிடம் பேசவும் உரிமை வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரையும் மறக்காமல் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்