திடலோரம் நிற்கும் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான காற்பந்துப் பயிற்சி வழக்கம்போல் புதன்கிழமைகளில் மாலை 3.00 முதல் 4.15 வரை பள்ளித் திடலில் நடக்கும். இம்முறை கோல் அடிக்கும் பயிற்சி குறைவு. பந்தைக் கொடுப்பது, நகர்வது, பேசுவது ஆகியவற்றுக்கே பெரும்பகுதி நேரம் போகும். 2016-இல் பினாங்கு அணிக்காக ஃபைஸ் சுப்ரி அடித்து, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கித் தந்த ஃப்ரீ கிக்கைத் தானும் அடித்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? அடிக்கட்டும், பயிற்சி முடிந்த பிறகு.

பாஸ் தப்பிப்போனால் உதைத்த காலைப் பார்க்காதீர்கள், ஊன்றிய காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பக்கத்தில், பிள்ளையின் கையால் ஒரு சாண் தள்ளி, பந்து போக வேண்டிய திசையை நோக்கி இருக்க வேண்டும். பின்தங்கினால் உடல் சாயும், பந்து மேலே எழும்பும். உட்பாதத்தால், கணுக்கால் தளராமல், பந்தின் நடுவில் அடிப்பதே முறை.

நகர்வதற்கு 8 மீட்டர் சதுரம் ஒன்று போடுகிறோம். மூவர் பந்தை வைத்திருக்க, நடுவில் ஒருவர் பறிக்கப் பார்ப்பார். மூலைகள் நான்கு, ஆட்கள் மூவர். ஆகவே ஒரு மூலை எப்போதும் காலி. பந்து வைத்திருப்பவருக்கு இரு பக்கத்து மூலைகளிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு பாஸுக்கும் ஒருவர் ஓடியாக வேண்டும். ஓட வேண்டியவர் பந்தைக் கொடுத்தவரல்ல, வாங்கியவருமல்ல, மூன்றாமவர். வேடிக்கை பார்த்து நின்றுவிடுவதும் அவர்தான். சதுரத்தின் ஓரமாகவே ஓட வேண்டும். உள்ளே புகுந்தால் பறிப்பவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோவார், பந்து அவருக்குப் போய்ச் சேராது. பந்து சட்சட்டென்று பறிபோனால் சதுரத்தை 10 மீட்டராக்குவோம். பறிப்பவரால் தொடவே முடியாவிட்டால் 6 மீட்டர்.

பேசுவதுதான் கடினம். வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளைகள் திடலில் ஊமையாகிவிடுகிறார்கள். இல்லையென்றால் எல்லாரும் சேர்ந்து "பாஸ், பாஸ்" என்று கத்துகிறார்கள். பந்து வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் தெரிவதில்லை. எனவே இரண்டே சொற்கள்: பின்னால் எதிராளி வந்தால் "ஆள்!", வரவில்லையென்றால் "திரும்பு!". பந்து வந்து சேருமுன், அது உருண்டுகொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும். சேர்ந்தபின் சொன்னால் அது வெறும் சத்தம். (தமிழில் கூப்பிட்டால் மற்றப் பள்ளி அணிகளுக்குப் புரியாது என்பது ஒரு வசதி. எதிரணியும் தமிழ்ப்பள்ளியாக இருந்தால் வசதி போச்சு.) பந்தைத் தொடாமல் போகவிடு என்று நண்பனுக்குச் சொல்லும் "விடு!" என்பதை மட்டும் பெயர் சேர்த்தே சொல்லப் பழக்குகிறோம். பெயர் இல்லாவிட்டால் எதிராளியும் அதைத் தனக்கென்று நினைத்துவிடலாம். எதிரணி ஆட்டக்காரரைப் பேச்சால் ஏமாற்றியதாக நடுவர் கருதினால் சொன்னவருக்கு மஞ்சள் அட்டையும், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்கும் (நேராகக் கோலாக்க முடியாதது) கிடைக்கும்.

பந்து வாங்குமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவும் பழக்குகிறோம். பயிற்றுநர் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. வேலியருகிலிருந்து "அடி! அடி!" என்று குரல் வந்தால் பிள்ளை பார்ப்பது தோளுக்குப் பின்னால் அல்ல, அப்பாவின் முகத்தை. நண்பன் சொன்ன "ஆள்!" காதில் விழாது. கைதட்டுங்கள், பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்; எங்கே கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வீட்டில் பயிற்சி செய்ய 4-ஆம் எண் பந்து போதும். பெரியவர்களின் 5-ஆம் எண் பந்து இந்த வயதுக்குப் பெரிது, கனமும் அதிகம். சுவரில் அடித்து இரு காலாலும் மாறி மாறி வாங்கினால் பத்து நிமிடம் போதும். அடுக்குமாடி நடைபாதையில் வேண்டாம், அண்டை வீட்டார் பாவம்.

கணைக்கால் எலும்புக் காப்பும் (ஷின் கார்டு) ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். இடி கேட்டால் பயிற்சி உடனே நிற்கும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் யாரும் திடலில் இறங்க மாட்டார்கள். அந்த நாள்களில் பிள்ளைகள் மண்டபத்தில் இருப்பார்கள், அங்கே வந்து அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்