இலவசப் பள்ளிக்கும் ஒரு விலை உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க அரசுப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டல்லாஸ் பக்கம் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் எழுதியிருந்தார். பேரனின் பள்ளியில் நூலகத்தையும் இசை அறையையும் கால்பந்து மைதானத்தையும் பார்த்து அசந்து போயிருக்கிறார். அதில் தவறில்லை, நானும் வந்த புதிதில் அப்படித்தான் வாயைப் பிளந்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், "அவரவர் ஊர் வரிப்பணத்தில் அவரவர் பள்ளி என்ற முறையைத் தமிழ்நாட்டிலும் கொண்டுவரலாம்" என்று எழுதிவிட்டார். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பதினாறு வருடமாக டெக்சஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் குடியிருக்கிறேன். அந்த முறையை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குக்குப் போன ஊர் இது.

இங்கே பள்ளிகளை நடத்துவது மாநகராட்சி இல்லை. 'பள்ளி மாவட்டம்' என்று தனி அமைப்பு இருக்கிறது. அதற்குத் தேர்தலில் ஜெயித்து வந்த வாரியம், தனி பட்ஜெட், தனி வீட்டு வரி எல்லாம் உண்டு. சான் ஆன்டோனியோ என்ற ஒரே நகரத்துக்குள் இப்படி ஒரு டசனுக்கு மேல் இருக்கின்றன. நான் காய்கறி வாங்கும் கடை ஒரு பள்ளி மாவட்டத்தில், என் வீடு இன்னொன்றில். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. வீட்டு விலையைக் கேட்டால் தெரிந்துவிடும்.

நகரத்தின் மேற்குப் பக்கம் எட்ஜ்வுட். மெக்சிக வம்சாவளியினர் நிறைந்த, ஏழைகளின் பகுதி. அங்கிருந்து காரில் இருபது நிமிடம் போனால் ஆலமோ ஹைட்ஸ், வசதியானவர்களின் பகுதி. 1967-68 கல்வியாண்டில் இந்த இரண்டின் கணக்கும் நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று வகுத்தால், வரி போடக்கூடிய சொத்தின் மதிப்பு 5,960 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள், சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் அதிகம். அப்படிக் கட்டியும் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 333 டாலர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மாநில அரசின் பணம், மத்திய அரசின் பணம் எல்லாம் சேர்ந்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், ஆலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். உடைந்த ஜன்னல், நாறும் கழிப்பறை, தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள், இவைதான் அவர்களின் புகார். அதே வருடம் டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனார் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குப் போட்டார். அவர் விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்தவர். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. கல்வி என்பது அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை இல்லை என்பது தீர்ப்பு. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். ஒரே ஒரு ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இந்த நாட்டுப் பள்ளிகளின் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்புறம் எட்ஜ்வுட் மாநில நீதிமன்றத்தின் படியேறியது. 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த நிதி முறை மாநில அரசமைப்புக்கு விரோதம் என்று சொன்னது. அப்போது மாநிலத்தின் மிகப் பணக்காரப் பள்ளி மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் சொத்து, மிக ஏழை மாவட்டத்தில் ஏறக்குறைய 20,000. அதாவது 700-க்கு 1. சட்டமன்றம் போட்ட சட்டங்கள் ஒன்றிரண்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1993-ல் வந்ததுதான் நின்றது. சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டம் வரம்புக்கு மேல் வசூலிப்பதை மாநிலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ராபின் ஹூட்', பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதை நாயகனின் பெயர்.

பெயரைக் கேட்டால் தர்மம் ஜெயித்த மாதிரி இருக்கிறது. விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஆஸ்டினும் ஹூஸ்டனும் சட்டத்தின் கண்ணுக்குப் பணக்கார மாவட்டங்கள். நகர நடுவே கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன, சொத்து மதிப்பு எகிறுகிறது. ஆனால் ஹூஸ்டனின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு மேல் ஏழைகள். "எங்கள் பிள்ளைகளே இலவசச் சாப்பாட்டுக்கு நிற்கிறார்கள், எங்களிடமிருந்து ஏன் எடுக்கிறீர்கள்?" என்று 2016-ல் ஹூஸ்டன் மக்கள் ஓட்டுப் போட்டே மறுத்தார்கள். மறுத்தால் வேறு வழியில் நஷ்டம் என்று தெரிந்ததும் அடுத்த வருடமே சம்மதித்தார்கள். இன்னொன்று, அப்படி எடுத்த பணம் ஒரு கவரில் போட்டு எட்ஜ்வுட்டுக்குப் போவதில்லை. மாநிலத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்து, மாநிலம் தன் கைப்பணத்திலிருந்து தரவேண்டிய பங்கைக் குறைத்துக்கொள்ள உதவுகிறது. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

மாநிலம் தருவதும் பள்ளியில் பெயர் பதிந்த தலைக்கு இவ்வளவு என்று இல்லை. தினமும் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்ற சராசரியை வைத்துத்தான். ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. இடையில் விலைவாசி ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். 2025-ல் சட்டமன்றம் பள்ளிகளுக்குப் பெரிய தொகை ஒதுக்கியபோதும் இந்த அடிப்படைத் தொகையில் கூட்டியது 55 டாலர்தான். அதே கூட்டத்தொடரில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ நூறு கோடி டாலர் திட்டமும் வந்தது.

6,160-ஐ வருடத்தின் பள்ளி நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 35 டாலர். என் மகன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, டிக்கெட் விலை குறைவு என்று டிசம்பர் முதல் வாரமே இந்தியாவுக்குக் கிளம்பினோம். வருகைப் பதிவு பார்க்கும் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள். ஆனால் இந்தப் பத்து நாளும் அவன் நாற்காலிக்கு எங்களுக்குப் பணம் வராது." எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் உல்லாசமாகப் போனோம். எட்ஜ்வுட் மாதிரி இடங்களில் பிள்ளை வராமல் போவது ஆஸ்துமாவால், கார் பழுதானதால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். பிள்ளை வராவிட்டாலும் ஆசிரியர் சம்பளமும் ஏசி பில்லும் குறைவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கென்று மாநிலம் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பகுதியை வருகைப் பதிவேடு திருப்பி வாங்கிக்கொள்கிறது.

கட்டுரையாளர் வியந்த கால்பந்து மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் மைதானம் கட்டி 2012-ல் திறந்தது. இரண்டே வருடத்தில் கான்கிரீட் விரிசல் விட்டு மூடிப் பழுதுபார்த்தது தனிக்கதை. மைதானத்துக்குக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சம்பளப் பானை வேறு, கட்டடப் பானை வேறு. கட்டடத்துக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுக் கடன் பத்திரம் வெளியிடுவார்கள், அதில் ஒரு சென்ட்கூடச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. எங்கள் நகரத்திலேயே ஒரு பெரிய பள்ளி மாவட்டம், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துபோனதால் 2023 நவம்பரில் 15 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. கட்டடம் இருந்தது, நடத்தப் பணம் கட்டுப்படியாகவில்லை.

சரி, தமிழ்நாட்டுக்கு வருகிறேன். என் அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்கும் கைக்காசு போட்ட நாட்கள் உண்டு. நம் பள்ளிகளில் குறை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவருடைய சம்பளம் அந்த ஊர்ப் பனங்காட்டின் மதிப்பைப் பார்த்து வரவில்லை. கருவூலத்திலிருந்து வந்தது, வசதியான ஊரில் வேலை பார்த்த அவருடைய நண்பருக்கு வந்த மாதிரியே. கட்டுரையாளர் சொல்கிறபடி செய்தால், ஐ.டி. பூங்கா இருக்கும் சிறுசேரி ஊராட்சிப் பள்ளிக்கு ரோபோ ஆய்வகம் வரும். கடலாடிப் பக்கத்து ஊராட்சி எதை விற்றுப் பள்ளி நடத்தும்? இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு டிமெட்ரியோ ரோட்ரிகஸ் அங்கிருந்து மதுரைக் கிளைக்கு மனுவோடு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோளைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை மகள் வீட்டுக்கு இலையுதிர் காலத்தில் வந்தால், அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும் வீட்டு வரி பில்லை ஒருமுறை பிரித்துப் பார்க்கட்டும். கவுன்டி, நகராட்சி, கல்லூரி, பள்ளி மாவட்டம் என்று வரிசையாக இருக்கும். அதில் எந்த வரியில் தொகை பெரிது என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டை ஏன் அந்தத் தெருவில் வாங்கினார்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
சான் ஆன்டோனியோ, டெக்சஸ்